கந்தப்பளைக் குளிரில் பழைய கெப்புக்குப் பெரிய பிரேக் பூஸ்டர்

வணக்கம் உறவுகளே. கந்தப்பளையில் எங்கள் வீட்டு முற்றத்திலிருந்து பேசுகிறேன். காலையிலிருந்து ஒரே பனிமூட்டம், படம் கொஞ்சம் மங்கலாகத்தான் தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள். பின்னால் நிற்பது மாமாவின் 1992 ஹைலக்ஸ். சிங்கிள் கெப், 2446 சிசி டீசல். லீக்ஸும் கரட்டும் ஏற்றிக்கொண்டு தம்புள்ளைக்குப் போய்வந்தே இத்தனை வருடம் குடும்பத்தைத் தாங்கிய வண்டி. 2020இல் வாகன இறக்குமதி நின்றபோது பழைய கெப்புக்கே யானை விலை வந்துவிட்டது. இதை விற்றுவிட்டு வேறொன்று எடுக்கும் எண்ணம் எங்களுக்கு இல்லை.

மாமா ஒரு நாள் சொன்னார்: "மருமகன், கால் கடுக்க மிதிச்சாலும் வண்டி யோசிச்சுத்தான் நிக்குது." சுமையோடு றம்பொடை இறக்கத்தில் அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. 2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயாப் பக்கம் ரதல்ல இறக்கத்தில் நடந்த விபத்தில் ஏழு உயிர் போனதை இந்தப் பக்கத்து ஆட்கள் யாரும் மறக்கவில்லை. அன்றைக்கே இந்த வேலையைக் கையில் எடுத்தேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்வோம். பூஸ்டர் என்கிற இந்தக் கறுப்புச் சட்டிக்குள் ஒரு ரப்பர் டயஃப்ரம், அதாவது அசையும் தடுப்புத் தகடு, இருக்கிறது. அதன் முன்பக்கம் எப்போதும் வெக்யூம், அதாவது காற்றை உறிஞ்சி எடுத்த நிலை. நீங்கள் மிதித்ததும் பின்பக்கம் வெளிக்காற்று நுழைந்து டயஃப்ரத்தைத் தள்ளும். ஆக, உங்கள் காலுக்கு உதவுவது காற்றின் அழுத்தம். நுவரெலியா டவுன் 1868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கொழும்பில் இருக்கும் காற்றழுத்தத்தில் ஏறக்குறைய 80 வீதம்தான் இங்கே. கொழும்பில் பஞ்சு மாதிரி இருக்கும் மிதி இங்கே இறுகுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

பெட்ரோல் எஞ்சினில் காற்று உள்ளே போகும் இன்டேக்கிலிருந்தே வெக்யூம் கிடைத்துவிடும். இந்த டீசலில் அது கிடையாது. இதோ பாருங்கள், பெட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஓல்டர்நேட்டரின் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கிறதே, இதுதான் வெக்யூம் பம்ப். எஞ்சின் ஒயில்தான் இதற்கும் போகிறது. ஒயில் ஒழுங்காக வராவிட்டால் பம்ப் தேய்ந்து, பிரேக்கும் இறுகிவிடும். பலர் இதைப் பார்க்காமலேயே பூஸ்டரை மாற்றிவிடுகிறார்கள்.

அதனால் முதல் வேலை, வெக்யூமை அளக்கும் கேஜ் போட்டுப் பார்ப்பது. எங்கள் வண்டியில் 15 அங்குலப் பாதரசம்தான் காட்டியது. இங்கே ஒரு விஷயம் கவனியுங்கள். கடல் மட்டத்தில் காற்றே 30 அங்குலப் பாதரசம்; நம் உயரத்தில் கிட்டத்தட்ட 24. எவ்வளவு நல்ல பம்ப் போட்டாலும் இங்கே 24ஐத் தாண்டாது. கொழும்பு ஆட்களின் வீடியோவில் 26 காட்டுகிறதே, நம்முடையதில் வரவில்லையே என்று பம்பைக் கழற்றி எறிந்துவிடாதீர்கள். 20, 21 வந்தால் இங்கே அது நல்ல பம்ப். எங்களுடையதில் பம்புக்கு ஒன்றுமில்லை. ஹோஸில் இருக்கிற ஒருவழி வால்வு காற்றை விட்டுக்கொண்டிருந்தது. அதை மாற்றி, வெக்யூமுக்கென்றே செய்த தடித்த ஹோஸ் போட்டதும் 21 வந்தது. சாதாரண தண்ணீர் ஹோஸைப் போடாதீர்கள், சூடேறினால் உள்ளுக்குச் சப்பிவிடும்.

கேஜ் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. எஞ்சினை நிறுத்திவிட்டு மிதி இறுகும் வரை நாலைந்து தரம் மிதியுங்கள். காலை அப்படியே அழுத்தி வைத்துக்கொண்டு ஸ்டார்ட் பண்ணுங்கள். மிதி மெதுவாகக் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் வெக்யூம் வரவில்லை, அல்லது பூஸ்டர் செத்துவிட்டது.

சரி, பூஸ்டருக்கு வருவோம். பழையது 8 அங்குல டயஃப்ரம். கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் இருக்கும் பஞ்சிகாவத்தையில் தேடி 9 அங்குலத்தில் ஒன்று எடுத்தேன், ரீகண்டிஷன். ஒரு அங்குலம்தானே என்று நினைப்பீர்கள். பரப்பளவைக் கணக்குப் போட்டால் 50 சதுர அங்குலத்திலிருந்து ஏறக்குறைய 64க்குப் போகிறது. கால் பங்குக்கு மேல் கூடுதல். உயரத்தால் இழந்த 20 வீதத்தை அப்படியே திருப்பித் தருகிற அளவு. கொழும்பில் 8 அங்குலம் தருகிற உதவியை இங்கே 9 அங்குலம் தருகிறது. இந்தக் கணக்கு வந்த அன்று இரவு எனக்குச் சந்தோஷத்தில் நித்திரையே வரவில்லை.

கடையில் ஒரு அங்குல மாஸ்டர் சிலிண்டரையும், அதாவது பிரேக் ஒயிலை லைனுக்குள் தள்ளும் சிலிண்டரையும், சேர்த்து எடுக்கச் சொன்னார்கள். வேண்டாம் என்றேன். 7/8 அங்குலத்திலிருந்து ஒரு அங்குலத்துக்குப் போனால், அதே மிதிக்கு லைனில் அழுத்தம் 20 வீதத்துக்கு மேல் குறையும். பூஸ்டரில் சம்பாதித்ததை அங்கே கொட்டிவிடுவோம். சக்கரத்தில் பேடை அழுத்துகிற காலிப்பரைப் பெரிதாகப் போடும்போதுதான் பெரிய மாஸ்டர் தேவை.

இப்போது கிட்ட வாருங்கள், கெமராவைப் பக்கத்தில் கொண்டுபோகிறேன். பூஸ்டரின் மூக்கில் நீட்டிக்கொண்டிருக்கும் இந்தக் கம்பிதான் புஷ்ரொட். வந்தபடியே பூட்டிவிட்டு நுவரெலியா பக்கம் ஓட்டிப் பார்த்தேன். போகப் போக வண்டி இழுக்கச் சிரமப்பட்டது, முன் சக்கரங்களில் கருகல் வாசம், ரிம்மில் கை வைக்க முடியவில்லை. ஓரமாக நிறுத்தி, மாஸ்டர் சிலிண்டரின் இரண்டு நட்டையும் இரண்டு சுற்றுத் தளர்த்தினேன். உடனே சக்கரம் விட்டுவிட்டது. அப்போதே தெரிந்துவிட்டது, கம்பி நீளம் கூடிவிட்டது. அது பிஸ்டனைக் கொஞ்சம் தள்ளியே வைத்திருந்தால், பிரேக் ஒயில் அதன் டாங்கிக்குத் திரும்புகிற துளை மூடிவிடும். சூட்டில் விரியும் ஒயிலுக்குப் போக வழியில்லாமல் பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும்.

அளப்பதற்குப் பிள்ளைகள் விளையாடுகிற கிளே போதும். கம்பி நுனியில் ஒரு பொட்டு ஒட்டுங்கள். மாஸ்டர் சிலிண்டரை இறுக்கிப் பூட்டி, திரும்பக் கழற்றுங்கள். நசுங்கி மிஞ்சிய கிளேயின் தடிப்புத்தான் இடைவெளி. என்னுடையதில் கிளே முழுக்கப் பிதுங்கி இரும்பே தெரிந்தது. நுனித் திருகைச் சுற்றிச் சுற்றி, அரை மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்தேன். உங்கள் வண்டிக்குச் சேர்விஸ் புத்தகத்தில் வேறு அளவு இருந்தால் அதையே பாருங்கள். இந்த ஒரு வேலைக்கு மட்டும் ஒரு மணித்தியாலம் போனது. அவசரப்படாதீர்கள்.

அப்புறம் பிரேக் லைனுக்குள் புகுந்த காற்றை எடுப்பது. மாஸ்டர் வலப்பக்கம் இருப்பதால் தூரத்துச் சக்கரமான பின் இடதில் தொடங்கி, பின் வலது, முன் இடது, கடைசியில் முன் வலது. பிரேக் ஒயில் டொட் 4 தரத்தில் போட்டேன். புதிதாக இருக்கும்போது 230 பாகைக்கு மேல்தான் கொதிக்கும். ஈரம் குடித்தால் 155க்கே இறங்கிவிடும். நம் ஊர் மழைக்கும் பனிக்கும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும்.

இதையும் சொல்லாமல் விட முடியாது. பூஸ்டர் காலுக்குத்தான் உதவி. ட்ரம்மும் பேடும் பழையபடியேதான், சூட்டை அவைதான் தாங்க வேண்டும். இறக்கத்தில் இரண்டாம் கியரிலேயே இறங்குங்கள். டீசலை மிச்சம் பிடிக்க எஞ்சினை நிறுத்தி நியூட்ரலில் உருட்டுகிறார்களே, தயவுசெய்து வேண்டாம். பூஸ்டருக்குள் மிச்சமிருக்கும் வெக்யூம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும். நாலாவது வளைவில் உங்கள் கால் பலம் மட்டும்தான்.

நேற்று மாமாவைப் பக்கத்தில் வைத்து, பின்னால் முக்கால் டன் உருளைக்கிழங்கோடு றம்பொடை வரை இறங்கி ஏறினோம். திரும்பும்போது அவர் ஓட்டினார். வழியில் ஒரு வளைவில் பஸ் ஒன்று எதிரே வந்தது, மெதுவாக மிதித்தார், வண்டி நின்றது. காலைத் தூக்கிப் பார்த்துவிட்டு இன்னொரு தரம் மிதித்துப் பார்த்தார். நாளை இரவு தம்புள்ளைக்குச் சுமை ஏற்றுகிறோம். திரும்பி வந்ததும், பின் அச்சில் துருப்பிடித்துக் கிடக்கும் லோட் வால்வை, அதாவது சுமைக்கு ஏற்பப் பின் பிரேக்கின் அழுத்தத்தை மாற்றும் வால்வை, கழற்றிக் காட்டுகிறேன்.