வழிச்சுப் போடுங்க, கழுவிப் போடாதீங்க

நடுவர் அவர்களுக்கும், சர்க்கரைப் பொங்கலைச் சாப்பிட்டுட்டு இன்னும் இடத்தை விட்டு எழுந்திருக்காத உங்க எல்லாருக்கும் வணக்கம். "டிஷ்வாஷரில் அடுக்கும் முன் பாத்திரத்தைக் கழுவ வேண்டுமா, வேண்டாமா?" இதுதான் தலைப்பு. வேண்டாம்ங்கிற அணியில மூணாவது ஆளா வந்திருக்கேன். எனக்குக் கொடுத்த நேரத்துல பாதியை ஒரு டம்ளருக்குக் கொடுக்கப் போறேன்.

எதிரணி அண்ணன் ஒரு வார்த்தை சொன்னார். "கழுவாம அடுக்குறவங்க வீட்டுல இருக்கிறது டிஷ்வாஷர் இல்லை, எச்சில் பெட்டி. அம்மா வளர்த்த பிள்ளைங்க யாரும் அப்படிச் செய்ய மாட்டாங்க"ன்னார். நீங்களும் கை தட்டினீங்க. அதுக்கு வர்றேன். விடமாட்டேன். முதல்ல டம்ளர்.

2015-ஆம் வருஷம். கோவில்பட்டியிலேர்ந்து எங்க அம்மா ஆறு மாசத்துக்கு சான் ஓசே வந்தாங்க. அந்த வருஷம் ஏப்ரல் 1-ஆம் தேதிதான் ஆளுநர் ஜெர்ரி பிரவுன், கலிபோர்னியா நகரங்கள் தண்ணிச் செலவை 25 சதவீதம் குறைக்கணும்னு உத்தரவு போட்டிருந்தார். தெரு முழுக்கப் புல்லு காய்ஞ்சு கிடக்கு. அம்மா கார்லேர்ந்து இறங்கி ஒரு சுத்துப் பார்த்துட்டு, "ஏட்டி, நம்ம கரிசக்காட்டை விட்டுட்டு வந்தோம்னு நெனச்சேன், இங்கயும் அதேதானா"ன்னாங்க.

பெட்டியைத் திறந்தா கருப்பட்டி, சுக்குப்பொடி, மோர் மிளகா வத்தல். அதுக்கெல்லாம் அடியில பழஞ்சேலையில சுத்தி ஒரு எவர்சில்வர் டம்ளர். அப்பா பேரு வெட்டின டம்ளர். கல்யாணச் சீர்ல வந்தது. அப்பா போனதுக்கப்புறம் அம்மா காப்பி குடிக்கிறது அதுலதான்.

திங்கக்கிழமை ராத்திரி. "அம்மா, நீங்க ஏனம் வெளக்க வேண்டாம், மிஷின் இருக்கு, அதுக்குள்ள வச்சிருங்க"ன்னு சொல்லிட்டுப் படுத்துட்டேன். அம்மா வச்சாங்க. எப்படி வச்சாங்க? ஒவ்வொண்ணையும் சோப்புப் போட்டுத் தேய்ச்சு, அலசி, துணியால தொடச்சு, மினுக்கி, உள்ள வச்சாங்க. பொத்தானை மக அமுக்கிக்குவான்னு விட்டுட்டாங்க.

செவ்வாய்க்கிழமை காலையில எங்க வீட்டுக்காரர் மிஷினைத் திறக்கிறார். எல்லாம் பளபளங்குது. ராத்திரியே ஓடிருச்சுன்னு எடுத்து அலமாரியில அடுக்கிட்டு ஆபீஸ் போயிட்டார். அம்மா வந்து பார்க்கிறாங்க, டம்ளர் அலமாரியில இருக்கு. "மிஷின் ஓடவே இல்லையே, இதை யாரு வெளிய எடுத்தது?" மறுபடி ஒரு தேய்ப்பு, ஒரு அலசு. டம்ளர் உள்ள.

சாயங்காலம் நான் வர்றேன், திறக்கிறேன். கண்ணாடி மாதிரி இருக்கு. எடுத்து அலமாரியில வச்சேன். ராத்திரி அம்மா வர்றாங்க. தேய்ப்பு. அலசு. டம்ளர் உள்ள.

புதன்கிழமை என் பையன் பள்ளிக்கூடத்துலேர்ந்து வந்து உள்ளேயிருந்து டம்ளரை எடுத்தான், பால் குடிச்சான், அப்படியே திருப்பி வச்சான். நான் வந்து பார்த்தா, பளபளக்குற தட்டுகளுக்கு நடுவுல பால் ஆடையோட ஒரே ஒரு டம்ளர். அப்போ இது எதுவுமே ஓடலை போலன்னு பொத்தானை அமுக்கினேன். ஓடி முடிஞ்சுது. ராத்திரி அம்மா திறந்து, "ஓடுச்சோ ஓடலையோ, எதுக்கு வம்பு"ன்னு இன்னொரு தடவை கழுவி உள்ள வச்சாங்க.

பின் வரிசையில கேக்கலைங்கிறாங்க. அந்த டம்ளர் பக்கத்துலேர்ந்தே இன்னொரு தடவை சொல்லிடறேன். மூணு நாள். கையால குளிச்சது நாலு தடவை, மிஷின்ல குளிச்சது ஒரு தடவை. பால் ஊத்தினது? ஒரே ஒரு தடவை! ஒரு வாய்ப் பாலுக்கு அஞ்சு குளியல்! அத்தனைக்கும் அந்த மூணு நாளா அம்மா காப்பி குடிச்சது பேப்பர் கப்புல. ஏன்னா டம்ளர் எப்பவும் மிஷின்ல இருந்துச்சு.

நடுவர் அவர்களே, அழுக்குத் தட்டு தன்னாலே பேசும். திறந்த உடனே "நான் இன்னும் ஓடலை"ன்னு சொல்லிரும். கழுவி வச்ச தட்டு வாயைத் திறக்காது. கழுவிட்டு அடுக்குற வீட்டுல ஓடின பாத்திரம் எது, ஓடாத பாத்திரம் எதுன்னு யாருக்கும் தெரியாது. இந்தக் கூட்டத்துல எத்தனை பேரு வீட்டுல இது நடக்குதுன்னு உங்க சிரிப்புலயே தெரியுது.

சரி, தண்ணி. இந்த ஊர்க் குழாயை முழுசாத் திறந்தா அப்போ நிமிஷத்துக்கு 8 லிட்டர் வரை வரும். மிஷினுக்கு ஒரு முறை முழுசா ஓட 5 கேலன், அதாவது 19 லிட்டருக்குள்ளதான்னு சட்டமே இருக்கு. எங்க வீட்டு மிஷின் 12 லிட்டர். அம்மாகிட்ட இதைச் சொன்னேன், கேக்கலை. மறுநாள் அவங்க கழுவும்போது சிங்க்குக்குள்ள ஒரு டப்பை வச்சேன். டப் நிறைய நிறைய எடுத்து வாளியில ஊத்தினேன். 15 லிட்டர் வாளி. ரெண்டு வாளி நிறைஞ்சு மூணாவது பாதி.

அம்மா அந்த வாளிகளைப் பார்த்தாங்க. ரொம்ப நேரம் பார்த்தாங்க. ராத்திரி ரெண்டு மணிக்குத் தெருக்குழாயில வரிசையில நின்னு நாலு குடம் பிடிச்சு, அந்த நாலு குடத்துல ஒரு நாளை ஓட்டின மனுஷி அவங்க. ஒரு குடத் தண்ணியை அண்டாவுல ஊத்தி, சாம்பலும் தேங்கா நாரும் வச்சு, அங்கணத்துல உக்காந்து மொத்த வீட்டு ஏனத்தையும் கழுவி, அந்தத் தண்ணியையும் வாழைக்கு விட்ட கை அது. "இம்புட்டுத் தண்ணியையா நான் ஊத்தினேன்?"னு கேட்டாங்க. வாளியைத் தூக்கிக்கிட்டுப் போய் கொல்லையில எலுமிச்சை மரத்துக்கு ஊத்தினாங்க. மூணு தடவை நடந்தாங்க. என்னைத் தூக்க விடலை.

அப்போதான் ஒண்ணு சொன்னேன். "அம்மா, நீங்க அண்டாவுல செஞ்சீங்களே, அதைத்தாம்மா இந்த மிஷினும் செய்யுது." உண்மையும் அதுதானுங்க. அது குழாயைத் திறந்து விட்டுக்கிட்டு நிக்கிறதில்லை. கொஞ்சம் தண்ணியை அடியில பிடிச்சு வச்சுக்கிட்டு, அதையே வடிகட்டி வடிகட்டித் திரும்பத் திரும்ப மேல பீச்சி அடிக்குது. சோத்துப் பசையையும் மாவுப் பசையையும் அறுக்கிறதுக்கு அதுல போடுற பொடியிலயே அமிலேஸ்னு ஒரு என்சைம் இருக்கு. பருப்புக்கும் முட்டைக்கும் புரோட்டியேஸ். தண்ணி எவ்வளவு கலங்கியிருக்குன்னு ஒளியை விட்டுப் பார்க்குற சென்சாரும் இப்போ பல மிஷின்ல இருக்கு. நீங்க கழுவிக் கொடுத்தா தண்ணி தெளிவா இருக்கும், அழுக்கே இல்லைன்னு அது ஓட்டத்தைச் சுருக்கிக்கும். அப்புறம் மூலையில ஒளிஞ்சிருந்த ஒரே ஒரு குழம்புக் கிண்ணம் அப்படியே வரும். "பாத்தீங்களா, மிஷின் சரியாக் கழுவலை"ன்னு நீங்க அதையே குத்தம் சொல்லுவீங்க.

வழிக்கணும். அதை நான் மறுக்கலை. முருங்கைக்காச் சக்கை, கறிவேப்பிலை, எலும்பு எல்லாம் குப்பைக்குப் போகணும். அடியில இருக்கிற ஃபில்டரை மாசத்துக்கு ஒரு தடவையாவது கழட்டி அலசணும். இரும்புக் கடாய், கல்சட்டி, பித்தளை, ஈயச் சொம்பு இதெல்லாம் உள்ளேயே போகக் கூடாது. ஆட்டின மாவுப் பாத்திரம் காய்ஞ்சு போச்சா, கொஞ்ச நேரம் ஊறப் போடுங்க. அவ்வளவுதான் வேலை.

இப்போ அண்ணனுக்கு வர்றேன்.

அண்ணே, "எச்சில் பெட்டி"ன்னீங்க. எனக்கு முன்னாடி நீங்க பேசினதை ஒரு வரி விடாமக் கேட்டேன். நடுவுல இன்னொண்ணும் சொன்னீங்க. "எங்க வீட்டுல வேலையைப் பங்கு போட்டுக்கிறோம். வீட்டம்மா கழுவிக் கொடுப்பாங்க, நான் மிஷின்ல அடுக்குவேன்"னு. அதுக்கும் கை தட்டு வாங்கினீங்க. அண்ணே, கழுவிக் கொடுத்ததுக்கப்புறம் அங்க என்ன வேலை மிச்சம் இருக்கு? எச்சிலைத் தொட்டது யாரு? குழம்புக் கறையில கை வச்சது யாரு? அண்ணிதானே! சுத்தமான தட்டை வாங்கி வரிசையா நிறுத்தினதுக்குப் பேரு பங்கா? கழுவாம வைக்கிறோம்னு நாளைக்கே முடிவு பண்ணுங்க, அப்போ தெரியும் பங்கு. மேசையிலேர்ந்து தட்டை எடுத்து, நீங்களே வழிச்சு, நீங்களே உள்ள வைப்பீங்க. அண்ணி அந்த நேரம் சோபாவுல உக்காந்திருப்பாங்க. முன்கழுவலை நிறுத்தினாத்தான் இந்த வேலை ஆம்பிளை கைக்கு முழுசா வரும்.

எச்சில்ங்கிற வார்த்தையை நம்ம ஊர்ல யாரை நோக்கி எறிஞ்சிருக்கோம்? தின்னவங்களைப் பார்த்து எறியலை, எடுத்தவங்களைப் பார்த்துத்தான் எறிஞ்சோம். சாப்பிட்ட இலையை விட்டுட்டு எழுந்து போனவன் சுத்தம், அதை எடுத்தவ கை தீட்டு. மனுஷக் கை தொடாம அந்த வேலையை ஒரு மிஷின் செய்ய முன்வந்தா, "இல்லை இல்லை, முதல்ல ஒருத்தி கை தொடட்டும், அப்புறம் உனக்குத் தர்றோம்"ங்கிறது எந்த ஊர் நியாயம்ணே?

இன்னொரு எதிரணித் தம்பி "வெள்ளைக்காரன் கண்டுபிடிச்ச மிஷினுக்கு நம்ம சமையல் தெரியாது"ன்னார். தம்பி, நல்லா விலைபோன முதல் மிஷினைச் செஞ்சது வெள்ளைக்காரன் இல்லை, வெள்ளைக்காரி. ஜோசஃபின் காக்ரன். இல்லினாய்ஸ்ல ஷெல்பிவில்னு ஒரு ஊரு. புருஷன் 1883-ல கடனை வச்சுட்டு இறந்து போனார். அந்த அம்மா ஒரு மெக்கானிக்கைத் துணைக்கு வச்சுக்கிட்டு இந்த மிஷினைச் செஞ்சு 1886-ல காப்புரிமை வாங்கினாங்க, 1893-ல சிகாகோ உலகக் கண்காட்சியில கொண்டு போய் நிறுத்தினாங்க. ஹோட்டல்காரங்க வாங்கினாங்க. கணவன் போனதுக்கப்புறம் சொந்தக் கால்ல நின்ன ஒருத்தி செஞ்ச மிஷின் அது. எங்க வீட்டுல அதுக்கு முன்னாடி நின்னதும் அப்படி ஒருத்திதான்.

"அம்மா வளர்த்த பிள்ளைங்க செய்ய மாட்டாங்க"ன்னீங்களேண்ணே. மணி அடிச்சுட்டாங்க, தெரியுது. நடுவர் அவர்களே, ஒரு நிமிஷம்.

எங்க அம்மா கை எப்படி இருக்கும்னு சொல்லணும். சாம்பல், அப்புறம் சோப்புக்கட்டி, அப்புறம் பச்சைக் கலர் பார். நாப்பது வருஷம். விரல் இடுக்கெல்லாம் வெடிச்சுக் கிடக்கும். ராத்திரி தேங்காண்ணெய் தடவிக்கிட்டுப் படுப்பாங்க, காலையில மறுபடி அங்கணம். சின்ன வயசுல எனக்குத் தலை பின்னி விடும்போது, அந்த வெடிப்புல என் முடி சிக்கிக்கும். இழுக்கும்போது வலிக்கும். நான் கத்துவேன். "உங்க கை ஏம்மா இப்படி முள்ளு மாதிரி இருக்கு"ன்னு ஒரு நாள் கேட்டேன். ஏழு வயசு இருக்கும். அம்மா ஒண்ணும் சொல்லலை. அன்னையிலேர்ந்து சீப்பாலயே பிரிச்சுப் பின்னினாங்க, விரலை வைக்கிறதில்லை.

அந்த வாளி நாளுக்கப்புறம் அம்மா முன்கழுவுறதை விட்டாங்க. அப்பா டம்ளரை மட்டும் கையால அலசி வைப்பாங்க. அதை நான் தடுக்கலை, தடுக்கவும் மாட்டேன். மத்ததெல்லாம் வழிச்சு உள்ள வச்சுட்டு என்கூட வந்து உக்காருவாங்க. ராத்திரிச் சாப்பாட்டுக்கப்புறம் எங்க அம்மா சும்மா உக்காந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. முதல் வாரம் கையை எங்க வைக்கிறதுன்னு தெரியாம சேலை முந்தியைப் பிடிச்சுக்கிட்டே இருந்தாங்க.

ஊருக்குக் கிளம்புறதுக்கு முந்தின ராத்திரி. "வாட்டி, தலையைக் காட்டு"ன்னாங்க. எனக்கு அப்போ முப்பத்தெட்டு வயசு. தரையில உக்காந்தேன். எண்ணெயை உள்ளங்கையில ஊத்தி, சீப்பை எடுக்காம, விரலாலயே உச்சியிலேர்ந்து நுனி வரைக்கும் கோதி விட்டாங்க. நான் பழக்கத்துல பல்லைக் கடிச்சுக்கிட்டுக் காத்திருந்தேன்.

அன்னைக்கு ஒரு முடிகூடச் சிக்கலை.

வணக்கம்.