சிபாரிசு இல்லாதவருக்குக் கருவிதான் துணை

நடுவர் அவர்களே, எதிரணியில் வீற்றிருக்கும் பேராசிரியப் பெருமக்களே, என் அணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

பல்கலைக்கழகங்களுக்குள் நுழைந்துவிட்ட நிறுவன மேலாண்மைக் கருவிகளால் மாணவர்களுக்கு அதிகம் விளைந்தது நன்மையா, தீமையா என்பது இன்றைய தலைப்பு. நன்மையே என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் உருக்கமாகப் பேசினார். கல்வி வியாபாரம் கிடையாது, மாணவர் வாடிக்கையாளர் கிடையாது, கம்பெனிக்குச் செய்த மென்பொருளைக் கொண்டுவந்து மாட்டினால் பல்கலைக்கழகமும் கம்பெனியாகிவிடும் என்றார். முதல் இரண்டிலும் எங்களுக்குள் சண்டையே இல்லை. மூன்றாவதில்தான் வழக்கு.

ஐயா, அவர் பேச்சு முழுக்க வகுப்பறையிலேயே நின்றுவிட்டது. ஆனால் ஒரு மாணவர் பட்டம் வாங்கி வெளியே வருவதற்குள் வகுப்பறையை மட்டுமா பார்க்கிறார்? சேர்க்கை, கட்டணம், உதவித்தொகை, விடுதி, ஹால் டிக்கெட், மறுமதிப்பீடு, புரொவிஷனல், கடைசியில் பட்டச் சான்றிதழ். இத்தனைக்கும் யாரோ ஒருவருடைய மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்த மேசையில் யாருடைய வேலை முதலில் நடக்கும் என்பது இங்கே இருக்கும் எல்லோருக்கும் தெரியும். உள்ளே ஆள் தெரிந்தவருடைய வேலை நடக்கும்.

என் அக்கா மகள் படித்த பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அவளுக்கு வேலை கிடைத்துவிட்டது, சேரும் நாளில் பட்டச் சான்றிதழ் காட்ட வேண்டும் என்று கடிதம் வந்துவிட்டது. அப்பாவும் மகளும் ராத்திரி பஸ் ஏறி, காலையில் கவுண்டர் திறக்கும் முன்பே வரிசையில் நின்றார்கள். வங்கியில் சலான் கட்டிவிட்டு வந்து திரும்பவும் நின்றார்கள். முறை வந்ததும் கிடைத்த பதில்: "ஃபைல் மேல போயிருக்கு, அடுத்த வாரம் வாங்க." மேலே என்றால் எந்த மேசை? எந்தத் தேதியில் போனது? யார் கையெழுத்துப் போட வேண்டும்? அந்த ஊழியர் கெட்டவர் இல்லை, நடுவர் அவர்களே. அவருக்கே தெரியவில்லை. அவரிடம் இருந்ததெல்லாம் ஒரு தடித்த பதிவேடும் அதில் "அனுப்பப்பட்டது" என்ற ஒரு வரியும்தான். அதே வரிசையில் பின்னால் நின்ற ஒருவருக்கு போனில் யாரோ பேசினார்கள், சான்றிதழ் மத்தியானமே கைக்கு வந்தது.

கோப்பு எந்த மேசையில் எத்தனை நாளாக இருக்கிறது என்று காட்டும் மென்பொருளைக் கண்டுபிடித்தது கம்பெனிகள்தான். சரக்கு எங்கே நிற்கிறது, பில் யாரிடம் தேங்குகிறது என்று தெரிந்துகொள்ளத்தான் அவை இஆர்பி என்ற நிறுவன மேலாண்மை மென்பொருளைப் போட்டன. இருக்கட்டுமே! சரக்குக்குக் கிடைத்த அந்த மரியாதை எங்கள் பிள்ளைகளின் பட்டச் சான்றிதழுக்கும் கிடைத்தால் என்ன குறை? அரசின் இணைய ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கரில் பட்டம் வந்து உட்கார்ந்துகொள்கிறது என்றால், அந்த அப்பா ஒருநாள் கூலியைத் தொலைத்துவிட்டு இரவுப் பயணம் போக வேண்டியதில்லை.

இன்னும் பெரிய உதாரணம் நம் ஊரிலேயே இருக்கிறது. பொறியியல் சேர்க்கைக்கு ஒற்றைச் சாளர முறையை அண்ணா பல்கலைக்கழகம் 1997ல் தொடங்கியது. நுழைவுத் தேர்வு எடுக்கப்பட்ட பிறகு கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, மொத்தம் 200க்கு கட் ஆஃப், அதன்படி தரவரிசை. மந்திரி மகனும் மாட்டுத் தரகர் மகனும் ஒரே பட்டியலில் நின்றார்கள். ஆனாலும் கன்னியாகுமரியிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் குடும்பத்தோடு கிண்டிக்கு வந்துதான் ஆக வேண்டும். அரங்கத்துத் திரையில் எந்தக் கல்லூரியில் எத்தனை இடம் மிச்சம் என்று ஓடிக்கொண்டிருக்கும். உங்களுக்கு முன்னால் இருப்பவர் எழுந்து போய் ஒரு இடத்தை எடுத்ததும் அந்த எண் ஒன்று குறையும். நான்கு வருஷப் படிப்பை, சில சமயம் நாற்பது வருஷப் பிழைப்பை, அந்தச் சில நிமிஷத்தில் முடிவு செய்ய வேண்டும். கூட வந்த அப்பாவுக்கு மெக்கானிக்கலுக்கும் மெக்கட்ரானிக்ஸுக்கும் வித்தியாசம் தெரியாது. வெளியே மரத்தடியில் நின்று "எங்க காலேஜ்ல சேருங்க" என்று பேசியவர்தான் பல குடும்பங்களுக்கு ஆலோசகர்.

2018ல் இது இணையத்துக்கு மாறியது. இப்போது வீட்டிலோ உதவி மையத்திலோ உட்கார்ந்து, எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் விருப்ப வரிசைப்படி போடலாம். பக்கத்து வீட்டு டீச்சரிடம் கேட்கலாம், பிடிக்காவிட்டால் வரிசையை மாற்றலாம், அதற்கு நாட்கள் இருக்கின்றன. தரவரிசைப்படி ஒதுக்கீட்டை மென்பொருள் செய்கிறது. முதல் வருஷம் கிராமத்துப் பிள்ளைகள் திணறினார்கள் என்று எதிரணியினர் சொல்லலாம், உண்மைதான். அதற்குத்தான் மாவட்டங்களில் உதவி மையம் வைத்தார்கள். திணறலுக்குப் பயந்து திரும்பவும் கிண்டிக்கே எல்லோரையும் வரச் சொல்லலாமா?

அப்புறம் உதவித்தொகை. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவிகளுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024ல் வந்தது. அந்தப் பிள்ளை அரசுப் பள்ளியில்தான் படித்தது என்பதற்கு யார் சான்று? பள்ளி மாணவர் விவரங்களை வைத்திருக்கும் எமிஸ் தரவுத்தளப் பதிவு. கல்லூரியில் இருக்கிறது என்பதற்கு? கல்லூரி மாணவர்களுக்கான யுமிஸ் பதிவு. இரண்டும் சேர்ந்தால் பணம் நேரே வங்கிக் கணக்குக்குப் போகிறது. நடுவில் கவர் நீட்ட ஆளே இல்லை. ஆயிரம் ரூபாய் நமக்குச் சின்னத் தொகையாக இருக்கலாம். பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் நோட்டுக்கும் வீட்டில் கை நீட்டாமல் ஒரு பெண் கல்லூரிக்கு வருகிறாள் என்றால், அவள் கல்யாணப் பேச்சு இரண்டு வருஷம் தள்ளிப் போகிறது. இதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் பேசுகிறேன்.

எதிரணி நண்பர் ஒருவர், "மாணவர்களைத் தரவாகப் பார்க்கிறார்கள், இது கண்காணிப்பு" என்று வருத்தப்பட்டார். இந்த வாதத்தை நான் மதிக்கிறேன். ஆகவே கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

அமெரிக்காவில் அட்லாண்டா நகரத்தில் ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகம் இருக்கிறது. பெரிய அரசுப் பல்கலைக்கழகம். கறுப்பின மாணவர்களும், ஏழை வீட்டுப் பிள்ளைகளும், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்களும் ஏராளம். 2003 நிலவரப்படி, அங்கே சேர்ந்தவர்களில் 32 சதவீதம் பேர்தான் ஆறு ஆண்டுகளுக்குள் பட்டம் வாங்கினார்கள். மூன்றில் இரண்டு பேர் கடனோடு வெறுங்கையாகப் போனார்கள்.

எந்த வாடிக்கையாளர் நம்மை விட்டுப் போகப் போகிறார் என்று செல்போன் கம்பெனிகள் முன்கூட்டியே கணிக்கும் அல்லவா? அதே முறையை அந்தப் பல்கலைக்கழகம் 2012ல் எடுத்துக்கொண்டது. பத்தாண்டு மதிப்பெண் பதிவுகளை அலசி, மாணவர் தடுமாறப் போகிறார் என்பதற்கு 800க்கும் மேற்பட்ட அறிகுறிகளைக் கண்டார்கள். ஒன்றை மட்டும் சொல்கிறேன். அரசியல் அறிவியல் எடுத்த மாணவர் அத்துறையின் முதல் பாடத்தில் ஏ அல்லது பி வாங்கினால் பெரும்பாலும் பட்டம் வாங்கிவிடுகிறார். சி வாங்கினால் நான்கில் ஒருவர்தான் தேறுகிறார். சி என்பது பாஸ் மார்க்! எந்த ஆசிரியரும் பாஸான பிள்ளையைக் கூப்பிட்டு "என்னப்பா ஆச்சு" என்று கேட்பதில்லை. அங்கே அந்த சி விழுந்த உடனே ஆலோசகர் திரையில் எச்சரிக்கை வருகிறது. அவர் அந்த மாணவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுகிறார். எழுத்து தடுமாறுகிறதா, வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறாயா என்று கேட்கிறார். இதற்காக 42 ஆலோசகர்களைப் புதிதாக நியமித்தார்கள். கருவி வந்தால் மனிதர் போய்விடுவார் என்கிறார்களே, அங்கே கருவி வந்த பிறகுதான் மனிதர்களே வந்தார்கள்.

இன்னொன்றும் செய்தார்கள். கட்டணத்தில் சில நூறு டாலர் குறைந்ததால் பெயர் நீக்கப்படும் மாணவர்கள் யார், அவர்களில் படிப்பில் சரியாக இருப்பவர் யார் என்று கணக்குப் பிரிவின் பட்டியலையும் மதிப்பெண் பட்டியலையும் சேர்த்துப் பார்த்து, அந்தப் பிள்ளை விண்ணப்பிக்காமலே பாக்கியைப் பல்கலைக்கழகமே போட்டது. 2014 வாக்கில் பட்டம் பெறுவோர் 54 சதவீதம் ஆனார்கள். கறுப்பின மாணவரும் வெள்ளை மாணவரும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் தேறினார்கள். நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் நல்ல வாத்தியார் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார், அவருக்குத் திரை வேண்டாம். பல்லாயிரம் பேர் இருக்கும் இடத்தில் யார் முகத்தை யார் பார்ப்பது?

சரி, எதிரணியினர் கேம்பிரிட்ஜைச் சொன்னார்கள். 2000ல் அந்தப் பல்கலைக்கழகம் கேப்சா என்ற புதிய கணக்கு மென்பொருளைக் கொண்டுவந்தது, ஏறத்தாழ ஒரு கோடி பவுண்டு செலவானது, துறைகள் பில் கட்ட முடியாமல் தவித்தன என்றார்கள். நடந்தது உண்மை. ஆனால் கதையை அங்கேயே நிறுத்திவிட்டார்கள். கேம்பிரிட்ஜ் வெளியாட்கள் இருவரை வைத்து விசாரித்தது. கணினித் துறைப் பேராசிரியர் ஆன்டனி ஃபிங்கல்ஸ்டீனும், வார்விக் பல்கலைக்கழகத்தின் முன்னாள் பதிவாளர் மைக்கேல் ஷாட்டாக்கும் 2001ல் அறிக்கை கொடுத்தார்கள். பயன்படுத்தப் போகிறவர்களைச் சரியாகக் கலக்கவில்லை, போதிய பயிற்சி இல்லை, முழுதாகச் சோதிக்காமல் தொடங்கினார்கள், பொறுப்பு யாருடையது என்பதே தெளிவாக இல்லை என்பதுதான் அதன் சாரம். ஆடத் தெரியாதவர் கூடத்தைக் கோணல் என்ற கதையாக, மென்பொருளின் மேல் மட்டும் பழியைப் போட அவர்கள் இருவரும் விடவில்லை. கேம்பிரிட்ஜில் இல்லாமல் போனது நல்ல மேலாண்மை. அது எங்கள் பக்கத்துச் சாட்சி, நடுவர் அவர்களே.

கல்லூரிகளை மதிப்பிட்டுத் தரச்சான்று தரும் 'நாக்' குழு வருகிறதென்றால் ஆசிரியர்கள் பாடம் நடத்துவதை விட்டுவிட்டு ராத்திரி பகலாக டேட்டா ஏற்றுகிறார்கள் என்றார்கள். ஏன் அப்படி ஏற்றுகிறார்கள்? ஐந்தாண்டுக் கணக்கைக் கேட்கிறார்கள், அந்த ஐந்தாண்டும் யாரும் எதையும் ஒரே இடத்தில் பதியவில்லை. வருகைப் பதிவு ஒரு நோட்டில், கருத்தரங்கப் புகைப்படம் ஒருவருடைய பழைய போனில், வேலைவாய்ப்புப் பட்டியல் போன வருஷம் ரிலீவ் ஆனவரிடம். அன்றன்றைக்குப் பதிந்திருந்தால் கடைசி மாதத்தில் கண் விழிக்க வேண்டியதில்லை. கருவி அரைகுறையாக இருப்பதன் கஷ்டத்தைக் கருவியின் கஷ்டமாகக் காட்டுகிறார்கள்.

ஒரே ஒரு இடத்தில் எதிரணியோடு நிற்கிறேன். 2010ல் பல்கலைக்கழக மானியக் குழு ஆசிரியர்களுக்குப் புள்ளி முறை கொண்டுவந்தது, கட்டுரைக்கு இத்தனை, கருத்தரங்குக்கு இத்தனை என்று. காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்கள் அதில் கொழுத்தன. 2018ல் அந்தக் குழுவே தன் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை நீக்க வேண்டி வந்தது. அறிவை எண்ணிக்கையால் அளக்கப் போனது தப்பு, தப்புத்தான். அதை எடுத்துவிடுங்கள், நானும் கை கொடுக்கிறேன்.

ஆனால் "பொய்யைப் பதிவேற்றினால் கருவி என்ன செய்யும்" என்று கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு அமர்கிறேன். ஒரே பேராசிரியர் ஒரே நேரத்தில் பல பொறியியல் கல்லூரிகளில் முழுநேரம் வேலை பார்ப்பதாகப் பெயர் இருந்தது. 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் இதை வெளியே கொண்டுவந்தது. 353 ஆசிரியர்கள், 224 கல்லூரிகள் என்றார்கள். எப்படிக் கண்டுபிடித்தார்கள்? ஆசிரியர் பட்டியல்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுத்தான். அந்தப் பட்டியல் காகிதமாக 224 அலமாரிகளில் பூட்டிக் கிடந்திருந்தால் எந்தப் பொதுமகனால் ஒப்பிட்டிருக்க முடியும்? வாத்தியாரே இல்லாத வகுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு, தான் ஏமாற்றப்பட்டோம் என்பதாவது தெரிந்திருக்குமா?

அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பரிடம் ஒரு கேள்வியை வைக்கிறேன். இணையக் கலந்தாய்வு, வங்கிக்கு நேராக வரும் உதவித்தொகை, டிஜிலாக்கரில் பட்டம், ஒப்பிட்டுப் பார்க்கக்கூடிய ஆசிரியர் பட்டியல், இந்த நான்கில் எதை எடுத்துவிடலாம் என்று அவர் பெயர் சொல்லிச் சொல்லட்டும். அதை எந்த மாணவரிடமிருந்து எடுக்கப் போகிறார் என்பதையும் சேர்த்தே சொல்லட்டும். நன்றி, வணக்கம்.