ஒரு கதை, இரண்டு இயக்குநர்கள்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

உலக சினிமாவை ரசிக்கக் கைகொடுப்பது கதையா, இயக்குநரா? இதுதான் தலைப்பு. எதிரணி நண்பர், "மொழி தெரியாத படத்திலும் நம்மை அழவைப்பது கதைதானே? இயக்குநர் பெயர் தெரிந்தால் என்ன, தெரியாவிட்டால் என்ன?" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கினார். சரி, கதைக்கே வருவோம்.

வயதான தம்பதி. அவர்களோடு இருக்கப் பிள்ளைகளுக்கு நேரமில்லை. 1937இல் ஹாலிவுட்டில் லியோ மெக்கேரி இதை 'மேக் வே ஃபார் டுமாரோ' என்று எடுத்தார். அந்தப் படத்தை மனதில் வைத்து, ஜப்பானில் கோகோ நோடாவும் யசுஜிரோ ஓசுவும் 'டோக்கியோ ஸ்டோரி'யை எழுதினார்கள். ஓசுவின் இயக்கத்தில் 1953இல் வெளிவந்தது. கரு ஒன்றுதான், நடுவர் அவர்களே. படங்கள் ஒன்றா?

மெக்கேரி நம்மை ரயில் நிலையத்துக்குக் கூட்டிப் போகிறார். கணவர் ரயிலேறிப் போகிறார், மனைவி நடைமேடையில் நிற்கிறார். பார்க்கிற நமக்குத் தொண்டை அடைக்கிறது.

ஓசு அப்படி அழவிட மாட்டார். பாயில் உட்கார்ந்திருப்பவரின் கண்மட்டத்துக்குக் கேமராவை இறக்கிவிடுவார், அநேகமாக அதை நகர்த்தவும் மாட்டார். பெற்றோரைக் கவனிக்க நேரமில்லாத பிள்ளைகள், அவர்களை அதாமி கடற்கரை விடுதிக்கு அனுப்பிவிடுகிறார்கள். இரவெல்லாம் சத்தம், தூக்கமில்லை. காலையில் கடலோரச் சுவரில் இருவரும் உட்கார்ந்திருக்கிறார்கள். ஊருக்கே திரும்பலாம் என்று எழும்போது அந்த அம்மா லேசாகத் தடுமாறுகிறார். அவ்வளவுதான். முகத்தை நெருங்கிக் காட்டவில்லை. முதல் தடவை நான் அதைக் கவனிக்கவே இல்லை. அடுத்து என்ன நடக்கும் என்று கதையின் பின்னாலேயே ஓடிக்கொண்டிருந்தேன். ஓசுவின் வேறு படங்களைப் பார்த்துவிட்டு மறுபடி வந்தபோதுதான் அந்தத் தடுமாற்றம் என்னைப் பிடித்து நிறுத்தியது. அதைப் பார்க்கும் கண்ணை எனக்குக் கொடுத்தவர் ஓசு.

ஈரானுக்குப் போனாலும் இதேதான். வகுப்புத் தோழனின் நோட்டைத் திருப்பிக் கொடுக்க ஒரு சிறுவன் பக்கத்து ஊருக்கு ஓடுகிறான். அப்பாஸ் கியரோஸ்தமியின் 1987ஆம் ஆண்டுப் படத்துக்குக் கதை அவ்வளவுதான்! ஒரு வரிக் கதையை நம்பி யார் உட்காருவார்கள்? கியரோஸ்தமியை நம்பித்தான் உட்காருகிறோம்.

"ஒரே இயக்குநரைத் தொடர்ந்தால் ஒரே படத்தைத்தானே திரும்பத் திரும்பப் பார்ப்போம்?" என்றும் எதிரணி கேட்டது. ஓசுவின் 'லேட் ஸ்பிரிங்', 1949. மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டு வீடு திரும்பிய அப்பா தனியாக ஆப்பிள் தோல் சீவுகிறார். தோல் நீளமாக இறங்கி அறுந்து விழுகிறது, தலை குனிகிறது. நடித்தவர் சிஷு ரியூ. நான்கு ஆண்டு கழித்து 'டோக்கியோ ஸ்டோரி'யின் முடிவில் அதே ரியூ, மனைவியை இழந்த முதியவராக, விசிறியோடு தனியே உட்கார்ந்திருக்கிறார். கடலில் ஒரு படகு போகிறது. ஓசுவைத் தொடர்ந்து வந்தவருக்கு, அந்த விசிறிக்குப் பின்னால் பழைய ஆப்பிள் தோலும் தெரியும், நடுவர் அவர்களே.