பதினொரு மணிக்கு ஒலிக்கும் மணி

வானொலி நேயர்களுக்கு வணக்கம். ஹங்கேரியின் மேற்கு எல்லையில், ஆஸ்திரியாவை ஒட்டிய மலையடிவாரத்தில், கோசெக் என்னும் சிற்றூர் இருக்கிறது. அங்குள்ள யூரிஷிச் கோட்டையைக் கண்டு வந்ததைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

கோட்டை என்றதும் மலையுச்சியையும் வானளாவிய மதில்களையும் மனத்தில் வைத்துக்கொண்டு போகிறவர்கள் சற்றுத் திகைத்துப் போவார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் தொடங்கி, பின்னர் பலமுறை மாற்றிக் கட்டப்பட்ட அந்தக் கோட்டை, ஊரின் தெருக்களோடு தெருவாக, வீடுகளுக்கு மிக அருகில் நிற்கிறது. அகழிப் பாலத்தைக் கடந்து உள்முற்றத்தில் நின்றபோது, இவ்வளவு சிறிய இடத்திலா அத்தனை பெரிய போர் நடந்தது என்னும் வியப்பிலிருந்து என்னால் எளிதில் மீள முடியவில்லை.

1529இல் வியன்னாவைக் கைப்பற்ற முடியாமல் திரும்பிய உதுமானியச் சுல்தான் சுலைமான், 1532இல் மீண்டும் அந்நகரை நோக்கிப் பெரும்படையுடன் புறப்பட்டார். அந்தப் படையில் ஒரு லட்சம் பேருக்கு மேல் இருந்ததாக வரலாற்றாசிரியர்கள் பலர் மதிப்பிடுகிறார்கள். வழியில் இருந்த கோசெக்கைக் காத்து நின்றவர், குரோவாசியப் பிரபுவான நிகோலா யூரிஷிச். அவருடன் இருந்தவர்கள் ஏறத்தாழ 700 பேர். அவர்களிலும் பயிற்சி பெற்ற வீரர்கள் மிகச் சிலரே, மற்றவர்கள் ஊராரும் சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து அடைக்கலம் தேடி வந்த உழவர்களும். மதிலுக்கு அடியில் சுரங்கம் தோண்டி வெடி வைத்தும், அலையலையாகத் தாக்கியும், தலைமை அமைச்சர் இப்ராஹிம் பாஷாவின் படையால் மூன்று வாரங்களுக்கு மேலாகியும் ஊருக்குள் நுழைய முடியவில்லை.

முடிவில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. மதில்மேல் உதுமானியக் கொடிகளைப் பெயரளவுக்கு ஏற்றிக்கொள்ள யூரிஷிச் இசைந்தார். முற்றுகைப் படை விலகிச் சென்றது. இதைத் தோல்வி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. படைக்கலமும் ஆட்களும் தீர்ந்துபோன நிலையில், தம்மை நம்பி உள்ளே இருந்த பெண்களையும் குழந்தைகளையும் உயிரோடு காக்க, கொடி என்னும் அடையாளத்தை அவர் விட்டுக்கொடுத்தார். கோடை கழிந்துவிட்டிருந்தது, சுல்தான் அவ்வாண்டு வியன்னாவை முற்றுகையிடாமலே திரும்பினார்.

கோட்டையில் இப்போது அருங்காட்சியகம் இயங்குகிறது. முற்றுகையைப் பற்றியவற்றைவிட என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்தது, அவ்வூரின் திராட்சைத் துளிர்ப் புத்தகத்தின் கதை. 1740 முதல் ஆண்டுதோறும் ஏப்ரல் 24 அன்று, புனித ஜார்ஜ் திருநாளில், திராட்சைக் கொடிகளிலிருந்து துளிர்களைப் பறித்து வந்து, அவை எவ்வளவு வளர்ந்திருக்கின்றனவோ அவ்வாறே அதில் வரைந்து வைக்கிறார்கள். எந்த ஆண்டு வசந்தம் முந்தி வந்தது, எந்த ஆண்டு பிந்தியது என்பதை அந்த ஓவியங்களே காட்டிவிடுகின்றன.

ஹங்கேரியின் மற்ற ஊர்களில் நண்பகலில் ஒலிக்கும் தேவாலய மணி, 1456இல் பெல்கிரேடில் உதுமானியப் படையை முறியடித்த வெற்றியை நினைவூட்டுவதாகச் சொல்வார்கள். கோசெக்கிலோ, முற்றுகை விலகிய நேரத்தை நினைந்து, நாள்தோறும் முற்பகல் பதினொரு மணிக்கே மணி அடிக்கிறார்கள். நான் கோட்டையை விட்டு வெளியே வந்த வேளையில் அந்த மணி ஒலித்தது. கடை வாசலில் பேசிக்கொண்டிருந்த முதியவர் இருவர், அது அடங்கும்வரை பேச்சை நிறுத்திக் காத்திருந்தார்கள்.