துன்பத்தில் எதிர்நோக்கைக் காட்டுவது துதியா, கண்ணீரா? கண்ணீரே!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

எதிரணித் தலைவர் பிலிப்பி சிறைக்கு நம்மைக் கூட்டிக்கொண்டு போனார். இயேசுவைப் போதித்த பவுலும் சீலாவும் அடிபட்ட முதுகோடு, காலில் தொழுமரத்தோடு, நள்ளிரவில் பாடினார்கள், அதுதான் எதிர்நோக்கு, கடவுள் கைவிடமாட்டார் என்ற நம்பிக்கை, அழுகிறவனுக்கு விசுவாசம் குறைவு என்று முடித்தார். பாடினார்கள், சரி. ஆனால் அதே பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தின் முதல் அதிகாரத்தில், ஆசியாவில் பட்ட பாட்டில் தாங்க முடியாமல் போய், உயிர் பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போனது என்று எழுதுகிறாரே, அந்தப் பக்கத்தை ஏன் ஐயா புரட்டவில்லை?

நான் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை என்று வரிசையாகக் கிடக்கும் குமரிக் கடற்கரையில் பிறந்தவன். 2017 நவம்பர் 30 எங்களுக்கு மறக்காது. ஒக்கிப் புயல். எங்கள் ஆட்கள் ஆழ்கடலில் தங்கித் தொழில் செய்கிறவர்கள், ஒருமுறை போனால் வாரக்கணக்கில் திரும்பமாட்டார்கள், எச்சரிக்கை கரைக்கு வந்து சேர்ந்தபோது பல படகுகள் கடலில் எங்கேயோ இருந்தன. டிசம்பர் 3, கிறிஸ்துமஸுக்குக் காத்திருக்கும் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. அன்று ஏற்றுகிற முதல் மெழுகுவர்த்திக்கு எதிர்நோக்கின் திரி என்றே பெயர். அதை ஏற்றும்போது கோவிலுக்குள் பாட்டுச் சத்தம் எழவே இல்லை. டிசம்பர் 7 அன்று எங்கள் மக்கள் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் போய் உட்கார்ந்தார்கள், தேடுங்கள், எங்கள் பிள்ளைகளைத் தேடுங்கள் என்று. நம்பிக்கை செத்தவன் தேடச் சொல்லுவானா, நடுவர் அவர்களே?

எங்கள் தெருவில் ஒரு அக்கா. கணவர் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. அவருடைய செல்போன் எண்ணுக்கு மாதாமாதம் ரீசார்ஜ் செய்துகொண்டிருந்தார். ஆறுதல் சொல்ல வந்தவர்கள், "அழாத மோளே, ஆண்டவருக்கு நன்றி சொல்லு" என்றார்கள். அக்கா ஒன்றும் பேசவில்லை. ஆனால் தினமும் காலையில் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு பீடத்துக்கு நேராக உட்கார்ந்து, "எங்க ஆள எங்க வச்சிருக்கீரு?" என்று கேட்பார். ஒருநாள் இல்லை, மாதக்கணக்கில். காது கேட்காதவரிடம் யாரும் இப்படித் தினமும் போய்க் கேட்கமாட்டார்கள். பதில் தரவேண்டியவர் அங்கே இருக்கிறார் என்று அந்த அக்காவுக்கு உறுதியாகத் தெரியும், அதனால்தான் கேட்டார்.

இதை நாங்களாகக் கண்டுபிடிக்கவில்லை. பைபிளில் 13ஆம் திருப்பாடலைத் திறந்து பாருங்கள், எடுத்த எடுப்பில் இன்னும் எத்தனை காலம் ஆண்டவரே என்னை மறந்திருப்பீர் என்ற சண்டை. 88ஆம் திருப்பாடல் இருளில் ஆரம்பித்து இருளிலேயே முடிகிறது, கடைசியில் ஒரு நன்றிகூட இல்லை, அதையும் சேர்த்துத்தான் நம் முன்னோர் வேதமாக வைத்திருக்கிறார்கள். செத்துப்போன நண்பர் இலாசரை இன்னும் கொஞ்ச நேரத்தில் எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தும் கல்லறைக்குப் போகும் வழியில் இயேசு அழுதார். சிலுவையில் "என் இறைவா, என் இறைவா, ஏன் என்னைக் கைவிட்டீர்?" என்று கத்தினார். இதையும் விசுவாசக் குறைவு என்று எதிரணி சொல்லுமா?

கத்தோலிக்கத் திருச்சபையின் 2025 யூபிலி ஆண்டு இலச்சினை நினைவிருக்கிறதா? எதிர்நோக்கின் திருப்பயணிகள் என்ற தலைப்பு, அலைகளுக்கு மேலே ஒரு சிலுவை, அதன் அடிப்பகுதி நீண்டு நங்கூரமாக முடியும். பைபிளில் எபிரேயர் திருமுகமும் எதிர்நோக்கை நங்கூரம் என்றுதான் சொல்கிறது. எங்கள் அப்பா நங்கூரம் போட்டதும் கயிற்றில் கை வைத்துப் பார்ப்பார். காற்றுக்கு எதிராக விறைத்து நின்றால் நங்கூரம் அடியில் பிடித்துவிட்டது, கையில் தளர்ந்து வந்தால் அறுந்துவிட்டது. விறைத்த கயிறு முனகும், நடுவர் அவர்களே, ராத்திரி முழுக்க முனகிக்கொண்டே கிடக்கும். எங்களைத் தூங்கவைத்ததே அந்தச் சத்தம்தான். அந்த அக்காவின் கேள்வியும் எனக்கு அப்படித்தான் கேட்டது.

நாங்கள் பாடமாட்டோம் என்று சொல்லவில்லை. ஈஸ்டருக்குப் பாடுவோம், தொண்டை கிழியப் பாடுவோம். புனித வெள்ளியைத் தாண்டிக் குதித்துப் பாடச் சொல்லாதீர்கள் என்கிறோம். தினமும் பீடத்துக்கு முன்னால் வந்து உட்கார்ந்த அந்த அக்காவிடம் விசுவாசம் இல்லை என்று எதிரணியில் யாராவது ஒருவர், இந்த மேடையில் அல்ல, அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு வரட்டும். அப்புறம் நீங்கள் தீர்ப்பு எழுதுங்கள்.