பூட்டோடு போனவன் சொல்கிறேன்
(மலேசியா, சுங்கை சிப்புட் வட்டார வீட்டு உரிமையாளர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, ஆலய நிர்வாகத்தின் டத்தோ அவர்களே, தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் அவர்களே, எனக்குப் போட்ட மாலையை மேசை விசிறிக் காற்றில் விட்டுவிடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் செயலாளர் அவர்களே, காலையிலிருந்து நாற்காலி தூக்கிய தம்பிகளே, வணக்கம். சட்டமன்ற உறுப்பினர் வழியில் இருப்பதாகச் சொல்கிறார்கள். வந்ததும் எழுந்து வணங்குவோம்.

வாடகை கட்ட முடியாதவரை என்ன செய்வது என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. மனம், சட்டம், கணக்கு என்று மூன்று பகுதியாகப் பேசப்போகிறேன். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள். அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என் வெட்கத்தைச் சொல்லிவிடுகிறேன். தாமான் குடியிருப்பில் எனக்கு ஒரு வீடு உண்டு, மாத வாடகை 500 வெள்ளி, அதாவது ரிங்கிட். லாரி ஓட்டும் இளைஞர் குடியிருந்தார். மூன்று மாதம் பணம் வரவில்லை, தொலைபேசியும் எடுக்கவில்லை. ஒரு ஞாயிறு காலை இரும்புக் கடையில் இருப்பதிலேயே பெரிய பூட்டாக வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். சட்டை ஒரு பக்கமாகத் தொங்குகிறது. கதவைத் திறந்தவர் அவருடைய அம்மா.

"மேட்டு லயத்துக்காரி மகன்தானே நீ? தோட்டத்தில் உன் அம்மாவும் நானும் அடுத்தடுத்த நிரையில் ரப்பர் மரம் சீவினோம். உள்ளே வா தம்பி."

தேத்தண்ணீர் வந்தது, பிஸ்கட்டும் வந்தது. என் அம்மா பால் வாளியோடு வாய்க்காலில் விழுந்த கதையும் வந்தது. நான் குனிந்து பிஸ்கட் எடுத்தேன். பூட்டு "ணங்" என்று தரையில் விழுந்தது.

"இது எதற்கு?"

"என் வீட்டுக் கேட்டுக்கு" என்றேன்.

"உன் வீட்டில் கேட்டே இல்லையே" என்றார் அந்த அம்மா.

பிறகுதான் உள்ளறையைப் பார்த்தேன். மகன் காலில் மாவுக்கட்டு. சரக்கு இறக்கும்போது விழுந்திருக்கிறார். வேலையில் அடிபட்டால், தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பான பெர்கேசோ சராசரி நாள் ஊதியத்தில் 80 விழுக்காடு தரும் என்பது அவருக்குத் தெரியவில்லை. விண்ணப்பப் பாரத்தை நிரப்ப மறுநாள் நானே கூட்டிப்போனேன். அதன்பின் மாதம் 600 வெள்ளியாகக் கட்டி, பதினைந்து மாதத்தில் பாக்கியைத் தீர்த்துவிட்டார். எனவே உரிமையாளர்களே, கதவைத் தட்டியதும் வாடகை எங்கே என்று கேட்காதீர்கள், என்ன நடந்தது என்று கேளுங்கள். ஒத்துக்கொண்டதை இரண்டு தாளில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டத்துக்கு வருகிறேன். அன்று நான் பூட்டியிருந்தால் குற்றம் என் பக்கம் வந்திருக்கும். 1950ஆம் ஆண்டின் குறிப்பிட்ட நிவாரணச் சட்டம், 7ஆம் பிரிவு: நீதிமன்ற ஆணை இல்லாமல் குடியிருப்பவரை வெளியேற்றக் கூடாது. 1951ஆம் ஆண்டின் ஜப்திச் சட்டத்தின்படி நீதிமன்றம் போனால் பன்னிரண்டு மாத பாக்கி வரை குடியிருப்பவரின் பொருளை ஜப்தி செய்ய வழி உண்டு. அப்போதும் உடுத்தும் துணியிலும் பாய் தலையணையிலும் கை வைக்க முடியாது. முன்பணமாக இரண்டு மாத வாடகை வாங்குகிறோம், அது எதற்கு இருக்கிறது?

ஆனால் நம் ஆட்களுக்கு இந்த வாடகைப் பாடு எங்கிருந்து வந்தது? தோட்டத் தொழிலாளருக்கு வரிசையாகக் கட்டிக் கொடுத்த லயத்து வீடு வேலையோடு வந்தது, தோட்டம் கைமாறியபோது வேலையோடு போனது. ஐம்பது ஆண்டு மரம் சீவியவருக்கு ஒரு சதுர அடி மிஞ்சவில்லை. எலி வளையானாலும் தனி வளை, ஐயா! தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், இதே சுங்கை சிப்புட் மண்ணின் தலைவர், அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளரிடம் மாதம் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களையே வாங்கினார். இன்று நாம் மாதம் ஐம்பது வெள்ளி போட்டு ஒரு வீட்டுக் கூட்டுறவு அமைக்க முடியாதா? நாலு ஆண்டாக இதைச் சொல்லி வருகிறேன், சிலர் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

டத்தோ அவர்களே, ஆலய மண்டபத்தை மாதம் ஒரு ஞாயிறு இதற்கு ஒதுக்குவதாகச் சொன்னீர்கள். எல்லோர் முன்னிலும் நன்றி.

செயலாளர் மணியைக் காட்டுகிறார். கணக்கைப் பற்றி இன்னொரு நாள். கூட்டுறவுக்கான பெயர்ப் பட்டியல் வாசல் மேசையில், வடைத் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பேனாவைக் கையோடு கொண்டுபோய்விடாதீர்கள், அது தலைமையாசிரியருடையது.