ரெண்டாப்புல பெயிலான டீச்சர்

நடுவர் அய்யா, எதிரணி, எங்க அணி, பந்தி எப்பப் போடுவாங்கன்னு திரும்பித் திரும்பிப் பாக்குற பின்வரிசை, எல்லாருக்கும் வணக்கம். புள்ளைங்க பேச்சு டீச்சர அதிகம் சிரிக்க வைக்குதா, நெகிழ வைக்குதான்னு தலைப்பு. நான் சிரிப்பு அணி. நெகிழ்ச்சி அணில எடம் முடிஞ்சு போச்சுன்னாங்க, அது வேற விஷயம்.

எனக்கு வருஷா வருஷம் ரெண்டாப்புதாங்க. ஏப்ரல் மாசம், லீவு விடப்போற நேரம், "எல்லாரும் மூணாப்பு போறீங்கடா"ன்னேன், ஒரு பய எந்திரிச்சு "நீங்க டீச்சர்?"ங்கறான். "நான் ரெண்டாப்புதாண்டா." "எங்க அக்கா படிக்கும்போதும் நீங்க ரெண்டாப்பு." "ஆமா." "எங்க சித்தப்பா படிக்கும்போதும் நீங்க ரெண்டாப்பாமே." "ஆமாடா." உச்சுக் கொட்டுனான் பாருங்க, என் சர்வீஸ் மொத்தமும் அந்த ஒரு உச்சுல போச்சு. "விடுங்க டீச்சர், அடுத்த வருஷம் நல்லாப் படிங்க."

இருங்க, கைதட்டிராதீங்க, இன்னும் இருக்கு. ஜூன்ல ஸ்கூல் தொறந்தோன்ன மூணாப்புக்குப் போனவன் நேரா என் டேபிளுக்கு வந்து பழைய கணக்கு நோட்ட சட்டைக்குள்ள இருந்து எடுக்குறான். "எல்லாம் டிக்கு வாங்குனது டீச்சர், பாத்து எழுதிக்கோங்க, யார்ட்டயும் சொல்லமாட்டேன்"னான். அந்த டிக்கெல்லாம் யார் போட்டது? நான் போட்டது!

அதோட விட்டானா? மறுநா அவங்க அப்பத்தா வந்து நிக்குது. "ஏந்தாயி, எட்டாப்பு வரைக்கும் யாரையும் பெயில் போடமாட்டாகன்னு பெற்றோர் கூட்டத்துல நீங்கதான சொன்னீக, ஒங்கள மட்டும் ஏன் தாயி போடுறாக? கவுன்சிலர்ட்ட வேணா பேசவா?" 2009ல வந்த கல்வி உரிமைச் சட்டத்த வெளக்கிச் சொன்னது ஒரு குத்தமா அய்யா! அந்தப் பய வாய் முகூர்த்தம் வேற, 2025 செப்டம்பர்ல சுப்ரீம் கோர்ட்டு சொல்லிருச்சு, ரிடையர் ஆக அஞ்சு வருஷத்துக்கு மேல இருக்குற டீச்சருங்க ரெண்டு வருஷத்துக்குள்ள டெட்டு, அதாங்க ஆசிரியர் தகுதித் தேர்வு, பாஸ் பண்ணியாகணும்னு. இப்ப நெசமாவே உக்காந்து படிச்சிக்கிட்டு இருக்கேன். சிரிக்கிற டீச்சருங்களுக்கு மட்டும்தான் இது வலிக்கும்.

இப்ப எதிரணி சாருக்கு வரேன். "கவர்மெண்ட் ஸ்கூல்ல சோறு போட்டு தூங்க வைக்கிறாங்க, வேலை இல்ல, அதான் சிரிச்சிக்கிட்டே இருக்காங்க"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு, நீங்களும் கைதட்டுனீங்க, பாத்தேன். ஆமா சார், சோறு போடுறோம். 1956ல காமராசர் போட ஆரம்பிச்சது, 1982ல எம்ஜிஆர் சத்துணவா பெருசாக்குனது, 2022 செப்டம்பர்ல இதே மதுரைல வச்சுத்தான் காலைச் சாப்பாடும் ஆரம்பிச்சாங்க. அந்தக் கிச்சடிய சாப்ட்டுக்கிட்டே ஒரு புள்ள என்னையக் கேக்குது, "டீச்சர் சாப்ட்டீங்களா?" "இல்லடி, பஸ்ஸுக்கு நேரமாச்சு, அப்படியே ஓடியாந்துட்டேன்." "அப்ப நீங்களும் நம்ம ஸ்கூல்ல சேந்துருங்க டீச்சர், கிச்சடி தருவாங்க." இத சிரிக்காம என்ன சார் பண்றது? உங்க ஸ்கூல்ல தமிழ்ல பேசுனா ஃபைன். புள்ள வாயத் தொறந்தாத்தான சார் நீங்க சிரிக்கிறதா நெகிழுறதான்னே முடிவு பண்ண முடியும்! வேலை இல்லையாம். காலைல அட்டெண்டன்ஸ ஆப்ல ஏத்த சிக்னல் தேடி வேப்பமரத்தடிக்கு ஓடுறோமே, அதுக்கு வந்து பாருங்க சார் ஒருநா.

சரி, மணி அடிக்கப் போறீங்க, ஒண்ணே ஒண்ணு சொல்லிக்கிறேன். இது எங்க அணிக்கு ஆகாத கதை, எங்க தலைவர் மொறைக்கிறாரு, பரவால்ல.

எல்லா கிளாஸ்லயும் நடக்கும், ஏதாவது ஒரு புள்ள வாய் தவறி டீச்சர "அம்மா"ன்னு கூப்ட்டுரும், மொத்த கிளாஸும் விழுந்து விழுந்து சிரிக்கும், சாயங்காலம் வரைக்கும் ஓட்டுவாங்க. எங்கிட்ட ஒரு சின்னப்புள்ள இருந்துச்சு, அதுக்கு அம்மா இல்ல. சிலேட்ட நீட்டிக்கிட்டே "அம்மா, இது சரியா"ன்னுருச்சு. நான் பயந்துட்டேன், போச்சு, சிரிக்கப் போறாய்ங்கன்னு. ஒருத்தன் சிரிக்கலைங்க. எதுக்கெடுத்தாலும் கெக்கெபிக்கேன்னு சிரிக்கிற பயலுக, ஒருத்தன் சிரிக்கல. மணியடிச்சு எல்லாம் வெளிய போகுது, இருக்கறதுலயே சேட்டக்காரப் பய ஒருத்தன் மட்டும் திரும்பி வந்து எங்கிட்ட, "டீச்சர், அவ அம்மான்னே கூப்ட்டுக்கட்டும் டீச்சர், நாங்க டீச்சர்னு கூப்ட்டுக்கிறோம்"ங்கறான்.

தீர்ப்ப எந்தப் பக்கம் வேணா சொல்லிக்கோங்க அய்யா. வணக்கம்.